எழுதிக் கொடுப்பவர் யார்?

மார்ச் மாதம் மூன்றாம் வாரத்தில் ஒருநாள், இரவு 11 மணிக்கு மேல், என் அக்காள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். எம்.டெக். முடித்துவிட்டு, மின்கார்களின் பேட்டரி சூடேறுவதைத் தணிக்கும் உபாயங்களைப் பற்றி ஆராய வேண்டுமென்று ஒரு வருஷமாக இரண்டு கண்டங்களுக்கும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு, நிராகரிப்புகள் ஐந்தாறு போக, உதவித்தொகையோடு கூடிய அனுமதிக் கடிதங்கள் மூன்று வந்து சேர்ந்திருந்தன. அமெரிக்காவில் பெயரைச் சொன்னாலே பக்கத்து வீட்டார் புருவம் உயர்த்தக்கூடிய ஒரு பல்கலைக்கழகம், அதே தேசத்தில் அவ்வளவு கீர்த்தியில்லாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று மூன்று. “மாமா, ரேங்க் பார்த்துப் போகவா, ஃபண்டிங் பார்த்துப் போகவா?” என்று கேட்டாள். அவள் தகப்பனாருக்கோ மூன்றுமே சம்மதமில்லை. நம் நாட்டிலேயே 2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் முதல் இரண்டு வருஷம் மாதம் 70,000 ரூபாயும், பிற்பாடு 80,000 வரையிலும் கொடுத்த விவரத்தைப் பத்திரிகையில் படித்ததிலிருந்து, பெண்ணை ஏன் கப்பலேற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. கப்பல் போய் விமானம் வந்து வெகுகாலமாகிவிட்டது அவருக்குத் தெரியாததல்ல.

நான் அவளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. கடிதங்களை எனக்கு அனுப்பு, தாத்தா எப்படிப் படித்திருப்பாரோ அப்படிப் படித்துப் பார்ப்போம் என்றேன். அவள் சிரித்தாள். அவள் தாத்தா, அதாவது என் தகப்பனார், மன்னார்குடியில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து 35 வருஷம் பத்திரம் எழுதியவர். முனைவர் பட்டத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் நினைத்திருக்கலாம். 2011-ஆம் வருஷம் வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருஷ உத்தியோகத்தை முடித்துக்கொண்டு, கையில் இரண்டு அனுமதிக் கடிதங்களுடன், பங்குனி வெயிலில் ஊர் வந்து சேர்ந்திருந்தேன். ஒன்று பிரசித்தமான பல்கலைக்கழகத்தினுடையது. மற்றது நடுத்தரமான ஒன்றினுடையது. முதலாவதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டேன். அப்பாவிடம் காட்டியது ஆசீர்வாதம் வாங்குவதற்காகவே. அவரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தமக்குத் தெரிந்த சொற்ப இங்கிலீஷைக் கொண்டு வரிக்கு வரி விரல் வைத்து ஒரு மணி நேரம் படித்தார். தெரியாத வார்த்தைகளுக்கு என்னிடம் அர்த்தம் கேட்டுப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“எழுதிக் கொடுக்கிறவன் யாரு?”

பல்கலைக்கழகம் என்றேன். “கையெழுத்துப் போட்டிருக்கிறது யாரோ டிபார்ட்மெண்ட் தலைவர். பணம் அவருதா, பல்கலைக்கழகத்துதா, உனக்கு வேலை கொடுக்கப்போற வாத்தியாருதா? கொடுக்கிற பொருள் கொடுக்கிறவனுக்குப் பாத்தியப்பட்டதான்னு பார்க்காம எவனாவது பத்திரம் முடிப்பானா?” என்றார். பிறகு வரிசையாக வந்தன: எத்தனை காலத்துக்கு? எந்த ஷரத்தின்மேல்? எழுதிக் கொடுத்தவன் நடுவில் இல்லாமல் போனால் யார் பொறுப்பு? என்னால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் கடிதத்தை நானே முதன்முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் படித்தது பல்கலைக்கழகத்தின் முத்திரையை மட்டும்.

அந்தக் கடிதம் முதல் ஒன்பது மாதத்துக்கு உதவித்தொகை தருவதாகச் சொல்லிற்று. அடுத்த வருஷங்களைப் பற்றி, திருப்திகரமான முன்னேற்றம் காணப்படுமாயின், நிதி கிடைக்கும் பட்சத்தில், ஆதரவு தொடரும் என்று தாங்கள் எதிர்பார்ப்பதாக எழுதியிருந்தது. “முதல் வருஷம் கிரயம், ரெண்டாம் வருஷத்திலேருந்து வாய்ப்பேச்சு” என்றார் அப்பா. நான் கோபித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய ஸ்தாபனம் ஒருவனை நடுத்தெருவில் விடுமா என்று வாதாடினேன். விடாது என்பதே பெரும்பாலும் உண்மை. ஆனால் விடமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பதற்கும், விடமாட்டோமென்று எதிர்பார்ப்பதற்கும் உள்ள தூரம், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு பெட்டியோடு போய் இறங்குகிறவனுக்குச் சிறு தூரமல்ல.

அமெரிக்க முறையில் பொறியியல் ஆராய்ச்சி மாணவனுக்கு வரும் பணம் மூன்று வகைப்படும். ஃபெலோஷிப் என்பது தான செட்டில்மெண்டைப் போன்றது; வேலை ஒன்றும் செய்யாமலே வருவது, ஆகையால் எந்த நெறியாளரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, ஆனால் பெரும்பாலும் ஓராண்டோடு நின்றுபோவது. போதனா உதவியாளர் பதவி, அதாவது டி.ஏ., கூலியைப் போன்றது; வாரத்துக்கு 20 மணி நேரம் பிறருடைய மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியும் ஆய்வுக்கூடத்தில் நின்றும் சம்பாதிப்பது. ஆராய்ச்சி உதவியாளர் பதவி, அதாவது ஆர்.ஏ., தான் பொறியியலில் மிகுதியாக வழங்குவது. நெறியாளர் அரசாங்கத்திடமோ கம்பெனியிடமோ எழுதி வாங்கிய ஆராய்ச்சி நிதியிலிருந்து மாணவனுக்குச் சம்பளமும் கல்விக் கட்டணமும் கொடுப்பது. இதை நான் விளக்கியபோது அப்பா ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்: “உள்குத்தகை.” நிலம் பேராசிரியருடையதல்ல, அவரே குத்தகைக்காரர். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் ஒரு பேராசிரியருக்குக் கொடுக்கும் சாதாரண ஆராய்ச்சி நிதி பொதுவாக மூன்று வருஷத்துக்கானது. மாணவனுக்குப் பட்டம் வாங்க ஐந்து வருஷம், சில சமயம் ஆறு வருஷம் ஆகிறது. குத்தகையே மூன்று வருஷம் என்றால் உள்குத்தகை எப்படி ஐந்து வருஷம் நிற்கும்? நிற்பது எப்படியென்றால், பேராசிரியர் இடைவிடாமல் புதுக் குத்தகை எழுதி வாங்கிக்கொண்டே இருப்பதால். அவர் வாங்கத் தவறும் வருஷத்தில் துறை டி.ஏ. கொடுத்துத் தாங்கிக்கொள்வதால். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, தொகை எவ்வளவு என்பது மட்டுமல்ல. நிதி முடியும் தேதி எது, முடிந்தால் என்ன ஏற்பாடு என்பதும்தான். இதைக் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் பேராசிரியர் ஒருவர் இருப்பாராயின், அதைவிடச் சௌகரியமான முன்னறிவிப்பு வேறு கிடைக்காது.

தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில் நான் ஏமாந்ததுண்டு. முதல் கடிதம் மாதம் 2,300 டாலர் என்றது. பின்னால் வந்த ஒரு கடிதம் 1,850 என்றது. டாலர் ஏறத்தாழ 45 ரூபாய் விற்ற காலம் அது; இரண்டையும் 45-ஆல் பெருக்கிப் பார்த்து, முதலாவதே மேல் என்று மகிழ்ந்துபோனேன். அப்பாதான் மாதங்களை எண்ணச் சொன்னார். முதலாவது ஒன்பது மாதம், ஆக 20,700; மற்றது பன்னிரண்டு மாதம், ஆக 22,200. கல்விக் கட்டணம் விலக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ‘ஃபீஸ்’ என்ற பெயரில் ஒவ்வொரு பருவத்துக்கும் 700 டாலர் மாணவனே கட்ட வேண்டுமென்பதை அனுபந்தத்தில் போட்டிருந்தது முதல் கடிதம். மீதி மூன்று கோடை மாதங்களுக்கு எங்கேயாவது வேலை செய்துகொள்ளலாமே என்றால், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவன் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கக் கூடாது. வளாகத்துக்குள் கோடையில் வேலை கிடைப்பது நெறியாளரிடம் பணம் இருப்பதைப் பொறுத்தது. அந்நாட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை. நமக்கு அது பஞ்சம்.

இந்த இடத்தில் கிப்ஸ் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்காவில் பொறியியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றவர் ஜோசையா வில்லார்ட் கிப்ஸ். 1863-இல் யேல் பல்கலைக்கழகத்தில், பற்சக்கரங்களின் பல் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை ஆராய்ந்து அந்தப் பட்டத்தை வாங்கினார். வாங்கியவருக்குக் கிடைத்த வேலை, அதே யேலில் பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுப்பது. பிற்பாடு 1871-இல் கணித பௌதிகப் பேராசிரியராக நியமித்தார்கள். சம்பளம் மட்டும் கிடையாது. வெப்ப இயக்கவியலுக்கு அஸ்திவாரமான அவருடைய மகத்தான கட்டுரைகள் வெளிவந்தது அந்தச் சம்பளமில்லாத ஒன்பது வருஷங்களில்தான். 1880-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வருஷம் 3,000 டாலர் தருகிறோம், வாருங்கள் என்று அழைத்தபோது, யேல் விழித்துக்கொண்டு 2,000 டாலர் தருவதாகச் சொல்லிற்று. கிப்ஸ் 2,000-க்கே சம்மதித்து, பிறந்த ஊரான நியூஹேவனிலேயே இருந்துவிட்டார். பணத்தைப் பார்க்காதே, அறிவைப் பார் என்று உபதேசிக்கிறவர்களுக்கு இது நல்ல திருஷ்டாந்தம். ஆனால் கிப்ஸுக்குப் பிதுரார்ஜிதச் சொத்து இருந்தது. அதை விட்டுவிட்டுக் கதை சொல்லக் கூடாது. கல்விக் கடன் வாங்கிப் பி.இ. படித்துவிட்டு, தங்கை கல்யாணத்தை எதிரில் வைத்துக்கொண்டு அமெரிக்கா போகிறவனுக்கு, ஆயிரம் டாலர் வித்தியாசம் அறிவைவிட அற்பமான விஷயமல்ல.

அப்பா கடைசியாகச் சொன்னதுதான் என் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. “பத்திரம் எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் வில்லங்கம் போட்டுப் பார்க்காம வாங்கக்கூடாது” என்றார். வில்லங்கச் சான்று என்பது வாங்கப்போகும் சொத்தைப் பற்றிய வருங்கால வாக்குறுதி ஒன்றுமில்லை. கடந்த முப்பது வருஷத்தில் அந்தச் சொத்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, எங்கே அடமானம் இருந்தது என்கிற பழங்கணக்கு. முனைவர் பட்ட அனுமதிக்கு வில்லங்கம் எங்கே போடுவது என்று நான் பரிகாசமாகக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. “அந்த வாத்தியார்கிட்ட இதுக்கு முன்னாடி இருந்த பிள்ளைங்க எழுதிக் கொடுத்தது ஏதாவது இருக்குமே” என்றார்.

இருந்தது. அவர்களுடைய ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களின் இணையதளத்தில் இருந்தன. மன்னார்குடி பெரிய கடைத்தெருவில் ஒரு பிரௌசிங் சென்டரில் மூன்று பகல் உட்கார்ந்து, எனக்கு வேலை கொடுக்க முன்வந்த பேராசிரியரின் பழைய மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளை இறக்கிப் படித்தேன். சமன்பாடுகளை அல்ல, முதல் ஐந்தாறு பக்கங்களை மட்டும். அட்டையில் பட்டம் பெற்ற வருஷம் இருக்கிறது. மாணவர் சேர்ந்த வருஷத்தை அவருடைய முதல் கட்டுரையிலிருந்து உத்தேசிக்கலாம். நன்றியுரையில், எந்த நிதியிலிருந்து பணம் வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று நிதிகளின் பெயர் இருந்தால் இரண்டு முறை குத்தகை மாறியது என்று அர்த்தம். நெறியாளருக்கு நன்றி சொல்லும் வாக்கியம் எத்தனை நீளம், அதில் சம்பவம் ஏதேனும் இருக்கிறதா, அல்லது ‘வழிகாட்டுதலுக்கும் ஆதரவுக்கும் நன்றி’ என்ற மூன்று வார்த்தையோடு முடித்துவிட்டு, ஆய்வுக்கூட டெக்னீஷியனுக்கும் ரூம்மேட்டுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாரா என்பதெல்லாம் பார்க்கத் தெரிந்தவனுக்கு வில்லங்கச் சான்றுதான். இரண்டாவது கடிதத்துப் பேராசிரியரிடம் நான் பார்த்த நான்கு ஆய்வேடுகளில் மூன்று, டெக்னீஷியனை மிகவும் புகழ்ந்திருந்தன.

அந்தப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவர் இருந்தார். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். கருவிகள், பாடங்கள், குவாலிஃபையிங் பரீட்சை, வாடகை என்று நான் கேட்டதற்கெல்லாம் சரளமான இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், நெறியாளர் எப்படி என்று கேட்டவுடன் சற்று நின்று, தமிழுக்கு மாறி, “நல்ல மனுஷன்தாங்க” என்றார்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு ‘ஆனால்’ வாய் திறக்காமல் நின்றுகொண்டிருக்கிறது. நல்ல மனுஷன் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் நான் அங்கேயே போயிருப்பேன். மேற்கொண்டு கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை. அவர் இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருந்தாக வேண்டியவர்.

இப்படி ஒன்று வாய்ப்பேச்சாகவும் மற்றொன்று ‘தான்’ ஆகவும் போய், ஓசூர் முதலாளியிடம் திரும்ப வேலை கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஏப்ரல் 13-ஆம் தேதி இரவு மூன்றாவது கடிதம் வந்தது. சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு கல்லூரி நகரம்; வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷமான உதவிப் பேராசிரியர்; கொதிக்கும் நீரில் குமிழி பிறப்பதைப் பற்றிய ஆராய்ச்சி; 1,850 டாலர், பன்னிரண்டு மாதமும். அவரிடம் பட்டம் முடித்த மாணவரே அதுவரை இல்லை, ஆகையால் வில்லங்கம் போட வழியில்லை. அப்பா, “மனைப்பட்டா புதுசு. ஆளைத்தான் பார்க்கணும்” என்றார். மறுநாள் தமிழ் வருஷப் பிறப்பு. பாயசம் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவில் அந்தப் பேராசிரியரோடு ஸ்கைப்பில் பேசினேன். அப்பாவின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. பல்கலைக்கழகம் தமக்குத் தொடக்க நிதியாகக் கொடுத்த பணம் மூன்று வருஷத்துக்குத்தான் வரும், அதற்குள் வேறு நிதி வாங்க முயல்வேன், கிடைக்காவிட்டால் நீ டி.ஏ. செய்ய வேண்டியிருக்கும், அப்படிச் செய்ய நேர்ந்தால் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுவேன் என்றார். போனேன்.

கிடைக்கவில்லை. அவருடைய விண்ணப்பங்கள் இரண்டு நிராகரிக்கப்பட்டன. சொன்னபடியே ஆறு மாதம் முன்னால் என்னை அழைத்துச் சொன்னார். நான்காம் வருஷம் முழுதும் வெப்ப இயக்கவியல் ஆய்வுக்கூடத்தில் இளங்கலைப் பிள்ளைகளுக்கு அழுத்தமானி படிக்கச் சொல்லிக்கொடுத்தேன், என் சோதனைகள் ஏறக்குறைய நின்றுபோயின. பிறகு நிதி வந்தது. 2016 டிசம்பரில் முடித்தேன். ஆக ஐந்து வருஷமும் நான்கு மாதமும். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அந்த ஆறு மாத விஷயத்தைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் யாராவது ஒரு பிள்ளை எங்கேயோ ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து வில்லங்கம் போட்டுப் பார்க்கக்கூடுமல்லவா?

அக்காள் மகளுடைய மூன்று கடிதங்களுக்கு வருகிறேன். கீர்த்தி பெற்ற இடம் முதல் வருஷத்துக்கு ஃபெலோஷிப் கொடுத்து, அந்த வருஷத்துக்குள் நெறியாளரை நீயே தேடிக்கொள் என்றது. பன்னிரண்டு பேர் சேர, அவளுக்குப் பிடித்த துறையில் பணமுள்ள பேராசிரியர்கள் இரண்டே பேர் என்று விசாரித்ததில் தெரிந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் ஆர்.ஏ. கொடுத்தது, தாத்தாவின் கேள்விகளுக்கெல்லாம் ஒரே நாளில் மின்னஞ்சலில் பதில் வந்தது, நான் அதையே சிபாரிசு செய்தேன்.

ஜெர்மன் கடிதம் வேறு ஜாதி. அங்கே பொறியியல் முனைவர் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் படிப்பே அல்ல, உத்தியோகம். மாநில அரசு ஊழியருக்கான சம்பள ஒப்பந்தத்தில் 13-ஆம் படிநிலை, வருஷத்துக்கு 30 நாள் விடுப்பு, ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் பிடித்தம். வரியும் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விடும். அதை முதலிலேயே கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். பாடங்கள் இல்லை என்பது சிலருக்குச் சௌகரியம், சிலருக்கு ஆபத்து. 1899-இல் பிரஷ்ய மன்னர் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு டாக்டர் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்ததிலிருந்து வருகிற பட்டம் அது. தொழிற்சாலையோடு அதற்கு உள்ள உறவு இன்றும் அறவில்லை, ஆகவே கம்பெனி வேலைகளில் மாணவனின் காலம் கரைவதும் உண்டு. மூன்று வருஷ ஒப்பந்தத்தைப் பார்த்து நான் தயங்கினேன். அவள் தயங்கவில்லை. ஆய்வேட்டை வெளியிட்டாலொழிய அங்கே பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது என்பதால், அவளை அழைத்த பேராசிரியரின் பீடத்துப் பழைய ஆய்வேடுகள் ஒன்றுவிடாமல் கிடைத்தன. ஒன்பதின் முன்னுரைகளை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டுப் படித்துவிட்டாள். ஒன்பது பேருக்கும் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து வருஷத்துக்குக் குறைந்து யாரும் முடிக்கவில்லை. பேராசிரியரைப் பற்றி ஒன்பது விதமாக எழுதியிருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. “எழுதிக் கொடுக்கிறது சர்க்கார், மாமா. தாத்தா இருந்தா இதைத்தான் முடிச்சிருப்பார்” என்றாள். என் சிபாரிசு தோற்றது. அந்தப் பேராசிரியர் மார்ச் 31-க்குள் பதில் கேட்டிருந்தார். 29-ஆம் தேதி கையெழுத்திட்டு அனுப்பிவிட்டாள்.

அமெரிக்காவில் அப்படி அவசரப்படுத்த மாட்டார்கள். முதுநிலைக் கல்விக் கழகங்களின் கூட்டமைப்பு செய்துகொண்டிருக்கும் ஒரு தீர்மானப்படி, அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு அழைத்த மாணவரிடம் ஏப்ரல் 15-க்கு முன் முடிவைச் சொல்லியே ஆக வேண்டுமென்று கட்டாயப்படுத்துவதில்லை. அந்தச் சலுகையை நம் பிள்ளைகள் கடைசி நாள் வரை அனுபவிக்கிறார்கள். போகப்போவதில்லை என்று மனத்தில் முடிவான இடத்தையும் விடாமல், கையில் இருக்கட்டுமே என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் ஒருவன் அந்த இடத்துக்காகத் தூங்காமல் இருப்பான். 2011-இல் அப்படித் தூங்காமல் இருந்தவன் நான். எனக்கு ஏப்ரல் 13-ஆம் தேதி இரவு கடிதம் வந்ததற்குக் காரணம், அன்று காலை யாரோ ஒருவர் அந்த உதவிப் பேராசிரியருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டதுதான். அவர் யாரென்று பேராசிரியர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

அக்காள் மகள் ஜெர்மனிக்குக் கையெழுத்திட்ட அன்றிரவே மற்ற இரண்டு இடங்களுக்கும் எழுதிவிட்டாள். இதைப் படிக்கிறவர்களில் யார் கையிலாவது வேண்டாத அனுமதிக் கடிதம் ஒன்று இருக்குமானால், ஏப்ரல் 15 வரையில் வைத்திருக்க வேண்டாம். இன்றைக்கே இரண்டு வரி எழுதிப் போட்டுவிடுங்கள்.